மீன்கடை மாடியில் ஒரு சிரிப்புக் கூடம்

நேயர்களுக்கு வணக்கம்.

மேடையின் முன்விளிம்பில், நடிகர்களின் காலடியில் வரிசையாக விளக்குகள் எரியும். அதற்கு ஆங்கிலத்தில் ஃபுட்லைட்ஸ் என்று பெயர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் 1883-ல் ஒரு குழுவைத் தொடங்கி, இதையே பெயராக வைத்தார்கள். தொடங்கிய புதிதில் ஊர் ஊராகப் போய் நடித்துக் காட்டினார்கள். ஒருமுறை ஏழை மனநோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றில் கிரிக்கெட் ஆட்டத்தோடு சேர்த்து நிகழ்ச்சி நடத்தியதாகவும் குறிப்பு இருக்கிறது.

அந்தக் குழு இன்றும் நடக்கிறது. சின்னச் சின்ன நகைச்சுவைக் காட்சிகளையும் பாட்டுகளையும் கோத்து மேடையேற்றுவதை அங்கே ரெவ்யூ என்பார்கள். அதை மாணவர்களே எழுதி, மாணவர்களே நடித்து, கணக்கு வழக்கையும் அவர்களே பார்க்கிறார்கள். பட்டப்படிப்போ பெரும்பாலும் மூன்று வருடம்தான். இன்றைக்குத் தலைவராக இருப்பவர் நாளைக்குப் பட்டத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சொல்லிக்கொடுக்க வாத்தியாரும் கிடையாது. இப்படி ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு குழு 140 வருடத்துக்கு மேல் எப்படி நின்றது? பல நாளாக என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி இது.

எனக்குக் கிடைத்த விடை, ஸ்மோக்கர் என்ற ஒரு வழக்கம். அந்தக் காலத்தில் ஆண்கள் கூடி உட்கார்ந்து, புகைத்துக்கொண்டே பாட்டுக் கேட்கும் கூட்டங்களை ஸ்மோக்கிங் கான்சர்ட் என்றார்கள். அதிலிருந்து வந்த பெயர். புதிதாக எழுதியவர்கள் தங்கள் துணுக்கைக் கொண்டுவந்து சக மாணவர்கள் முன்னால் நடித்துக் காட்டுவார்கள். சிரிப்பு வந்தால் சரி. வராவிட்டால் திருத்திக்கொண்டு அடுத்த முறை வரலாம். வருடக் கடைசியில், ஜூன் மாதம், இப்படிச் சலித்தெடுத்தவற்றைச் சேர்த்துப் பெரிய அரங்கில் ரெவ்யூ. பெரிய மேடைக்கு முன்னால் ஒரு சின்ன மேடை. அங்கே தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. நகைச்சுவை எழுத நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் இருக்க முடியாது என்று நான் நம்புகிறேன். ஒரு வரி சிரிக்க வைக்குமா என்பது காகிதத்தில் தெரியாது. நாலு பேர் முன்னால் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

1960-களில் இந்த ஸ்மோக்கர்கள் நடந்த இடம் கேம்பிரிட்ஜ் கடைத்தெருவில், ஃபால்கன் யார்டு என்ற சந்தில் இருந்த ஒரு மாடி. கீழே மீன்கடை. படியேறும்போதே மீன்வாடை வந்துவிடும். மேலே ஒரு குட்டி மேடை, ஒரு மதுக்கூடம், அவ்வளவுதான்.

அந்தக் குழுவுக்கு 1960-ல் தலைவராக இருந்தவர் பீட்டர் குக். மாணவராக இருந்தபோதே லண்டன் தொழில்முறை மேடைக்கு எழுதிக் கொடுத்தவர். அவருடைய ஒரு காட்சியைச் சொல்கிறேன். டார்ஸான் வேடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். கதவு திறக்கிறது. ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளி ஒருவர் உள்ளே வருகிறார். தயாரிப்பாளர் விரட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. உட்காரச் சொல்கிறார். உங்கள் வலது கால் மிக நன்றாக இருக்கிறது என்று மெச்சுகிறார். இல்லாத இடது காலைப் பற்றிய பேச்சுக்கு எவ்வளவு பதமாக வர முடியுமோ அவ்வளவு பதமாக வருகிறார். வந்தவரும் நம்பிக்கை இழப்பதாயில்லை. இத்தனை மரியாதைக்கு நடுவே உண்மையைச் சொல்ல முடியாமல் ஒரு மனிதர் திணறுவதுதான் அங்கே சிரிப்பு. குக் இதைப் பதினெட்டு வயதுவாக்கில் எழுதினார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

இன்னொருவர் ஜான் கிளீஸ். சட்டம் படிக்க வந்தவர். குழுவில் சேரப் போனபோது பாட வருமா, ஆட வருமா என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டும் வராது. பின்னே என்னதான் செய்வாய் என்று கேட்க, ஆட்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு, முகம் சிவந்து ஓடிவந்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு நண்பர் ஒருவர் மூலமாகத்தான் உள்ளே போனார். 1963-ல் அவரும், மருத்துவ மாணவர் கிரஹாம் சாப்மனும், டிம் புரூக்-டெய்லர், பில் ஆடி முதலியவர்களும் நடித்த ரெவ்யூ லண்டன் அரங்குக்குப் போனது. மறு வருடம் நியூசிலாந்து, அங்கிருந்து நியூயார்க் பிராட்வே.

வானொலியில் பேசிக்கொண்டு இதைச் சொல்லாமல் போகக் கூடாது. அந்தக் கூட்டத்தைக் கொத்தாக அள்ளிக்கொண்டது பி.பி.சி. வானொலிதான். செய்தி வாசிப்பவர் தடுமாறினால், மன்னிக்கவும், மீண்டும் வாசிக்கிறேன் என்பார் அல்லவா? அந்த வாக்கியத்தையே தலைப்பாக வைத்து 1964 முதல் 1973 வரை ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தினார்கள். அதில் பங்கேற்ற டேவிட் ஹாட்ச் பிற்காலத்தில் பி.பி.சி. வானொலிக்கே நிர்வாக இயக்குநர் ஆனார். 1969-ல் தொலைக்காட்சியில் வந்த மான்டி பைத்தான் என்ற புகழ்பெற்ற நகைச்சுவைக் குழுவின் ஆறு பேரில் கிளீஸ், சாப்மன், எரிக் ஐடில் மூவரும் அந்த மீன்கடை மாடியில் பழகியவர்கள்.

இத்தனையும் சொல்லும்போது ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நம் பழைய நாடகங்களில் ஸ்திரீபார்ட் என்பார்களே, அதுபோல அங்கேயும் வெகுகாலம் பையன்களே பெண் வேடம் கட்டினார்கள். அந்த மேடைக்காக 1920-களில் உடை வரைந்த நார்மன் ஹார்ட்னெல் என்ற மாணவர், பின்னாளில் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா உடையையே வடிவமைத்தார். ஆனால் பெண்களுக்கு மட்டும் இடமில்லை. 1932-ல் ஒருமுறை பெண்களை மேடையேற்றினார்கள். அடுத்த வருட நிகழ்ச்சிக்கு வைத்த தலைப்பு, 'இனிப் பெண்கள் இல்லை'. பல்கலைக்கழகமே 1948-ல்தான் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது. 1963 ரெவ்யூவில் நடித்த ஜோ கெண்டல் குழுவின் உறுப்பினர் அல்ல. கூடவே நடிக்கலாம், சேர முடியாது. எனக்கு இது இன்றும் உறுத்துகிறது. 1964-ல்தான் கதவு திறந்தது. முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெண்ணிய எழுத்தாளராகப் பெயர் பெற்ற ஜெர்மைன் கிரீர். ஜான் ரேவன்ஸ் என்ற பெண் தலைவராக வர 1979 ஆயிற்று. மறு வருடம் அவரும், பின்னாளில் திரைப்பட நடிகையாகப் பெயர் பெற்ற எம்மா தாம்சனும் சாண்டி டோக்ஸ்விக்கும் இன்னும் சிலரும் பெண்கள் மட்டுமே நடித்த நிகழ்ச்சி ஒன்றைக் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் அந்த மாடி போய்விட்டது. வணிக வளாகம் கட்டுவதற்காக 1970-களின் தொடக்கத்தில் சந்தோடு சேர்த்து இடித்தார்கள். சில வருடம் சொந்த இடமில்லாமல் இருந்து, பிறகு மாணவர் விவாத மன்றமான யூனியன் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒண்டிக்கொண்டார்கள்.

அப்போது சேர்ந்தவர்களில் ஒருவர் ஹியூ லாரி. படகோட்டத்தில் பல்கலைக்கழகத்துக்காகத் துடுப்புப் போட்டவர். நோய்வாய்ப்பட்டுப் படகை விட்டபோதுதான் இந்தப் பக்கம் வந்தார். அவர் தலைவராக இருந்த 1981-ல், ஸ்டீபன் ஃபிரை, எம்மா தாம்சன் ஆகியோருடன் ஸ்காட்லாந்தின் எடின்பரோ கலைவிழாவில் நடித்த ரெவ்யூ, அந்த வருடம் புதிதாக ஏற்படுத்திய பெரியே நகைச்சுவை விருதின் முதல் பரிசைப் பெற்றது.

சரி, ஸ்மோக்கர் என்ன ஆயிற்று? இன்றும் நடக்கிறது. பார்க் தெருவில் ஏ.டி.சி. என்று ஒரு சிறிய அரங்கு. படிக்கும் நாட்களில், ஒன்றுவிட்ட வாரம், செவ்வாய் இரவு 11 மணிக்கு. அன்றைய நாடகம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அதே மேடையில் விளக்குப் போடுகிறார்கள். இப்போது யாரும் புகைப்பதில்லை. முந்தின வாரம் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் வருட மாணவி ஒருத்தி தன் முறைக்காக ஓரமாக நிற்கிறாள்.

வணக்கம்.