மழைமானிக்குள் எத்தனை அடுக்கு

வணக்கம் நேயர்களே. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நினைவோடுதான் நாங்கள் சிலர் சேர்ந்து எங்கள் தோட்டத்தில் மழைமானியொன்றை இணையத்தோடு இணைத்தோம். நிரலைத் திறந்த மூலமாக வைத்தோம். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம். அதை எப்படி அடுக்கடுக்காகப் பிரித்தோம் என்றுதான் இன்று பேசப்போகிறேன்.

மழைமானிக்குள் சின்னதாய் ஓர் இரட்டை வாளி இருக்கிறது. ஒரு பக்கம் நிறைந்ததும் அது கவிழ, மறுபக்கம் நிறையத் தொடங்கும். எங்கள் மானியில் ஒரு கவிழ்ப்பு 0.2 மில்லிமீற்றர் மழை. ஈஎஸ்பி32 என்ற சில்லு அதை எண்ணும். எண்ணுவது, அனுப்புவது, மண்சரிவு அபாயத்துக்கு எப்போது சைரன் அடிப்பது எல்லாவற்றையும் முதலில் ஒரே கோப்பில் எழுதிவிட்டேன். மானி பழுதாகி வேறொன்று வாங்கினோம். அதன் வாளிக்கு 0.5 மில்லிமீற்றர். எண்ணும் இடத்தில் மாற்றினேன். சைரன் பகுதியில் இன்னொரு 0.2 ஒளிந்திருந்தது! 100 மில்லிமீற்றர் பெய்தாலும் சைரனுக்கு அது 40தான். தண்ணீர் ஊற்றிப் பார்த்ததால் பிடிபட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேயிலை ஸ்டோரை, அதாவது தொழிற்சாலையைப் பாருங்கள். மேல்மாடியில் வாடிய கொழுந்து கீழே அரைபட வருகிறது. எந்த மலையில் பறித்த கொழுந்து என்று ரோலர் கேட்பதில்லை, பதமாக வாடியிருந்தால் போதும். நிரலையும் அப்படித்தான் பிரித்தோம். வாளியின் அளவு அடி அடுக்குக்கு மட்டுமே தெரியும். வெளியே மில்லிமீற்றர்தான் வரும். அதை மேலே கொண்டுபோவது நடு அடுக்கு. அதற்கு எம்.கியூ.டி.டி. என்ற செய்தி அனுப்பும் முறையைப் பாவிக்கிறோம். எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க 1999இல் அன்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் வகுத்த முறை அது. சிக்னல் வந்து வந்து போகும் நம் மலைகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. செய்தியில் மூன்றே விடயங்கள்: எந்த மானி, அளந்த நேரம், மில்லிமீற்றர். அளந்த நேரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிக்னல் இல்லாமல் ஒரு மணித்தியாலம் தேங்கிய கணக்கு மொத்தமாகப் போய்ச் சேரும்போது, வந்த நேரத்தைப் பதிந்தால் ஒரே நிமிடத்தில் பெருமழை கொட்டியதாகக் காட்டும்.

முடிவெடுக்கும் அடுக்குதான் எனக்குப் பெரிது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் அவதானம், 100 என்றால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் மழை அளவுகோல். இந்த எண்களைத் தனி அமைப்புக் கோப்பில் வைத்தோம். அந்த அடுக்குக்குள் சில்லைப் பற்றியோ இணையத்தைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. அதனால் அதே நிரல் சேவையகத்திலும் ஓடுகிறது, சைரன் கம்பத்தில் பூட்டிய பெட்டிக்குள்ளும் ஓடுகிறது. சேவையகத்தை மட்டும் நம்பியிருந்தால், அடைமழையில் சிக்னல் போன இராத்திரியில் சைரன் வாய் திறக்காது. பழைய மழைக் கணக்கை மடிக்கணினியில் ஊட்டி, எந்த மணித்தியாலத்தில் அடித்திருக்கும் என்று பார்க்கவும் முடிகிறது.

இப்போது எங்களோடு வேலை செய்யும் பிள்ளைகள் கைத்தொலைபேசிச் சிக்னலே எட்டாத மேட்டு லயத்துக்கு லோரா என்ற, தூரம் எட்டும் வானொலி அலைக் கருவியைப் பூட்டுகிறார்கள். நடு அடுக்கை மட்டுமே திறந்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும், சைரனுக்குக் கீழே நின்று மறுபடியும் வாளியில் தண்ணீர் ஊற்றப்போகிறோம்.