ஆட்டோ மீட்டரும் நேர்க்கோடும்

நேயர்களுக்கு வணக்கம். பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் பாடம் வந்ததும் பிள்ளைகள் முதலில் உருப்போடுவது 'ஒய் சமம் எம் எக்ஸ் கூட்டல் சி' என்பதைத்தான். எம் என்றால் சாய்வு, அதாவது எக்ஸ் ஒன்று கூடினால் ஒய் எவ்வளவு மாறுகிறது என்பது. சி என்றால் ஒய் வெட்டுத்துண்டு, அதாவது கோடு ஒய் அச்சைத் தொடும் இடம். சரி, பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த எம்முக்கு அலகு என்ன, ரூபாயா, கிலோமீட்டரா, லிட்டரா என்று கேட்டுப் பாருங்கள், பல பிள்ளைகள் முழிப்பார்கள். பக்கத்தில் தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு படம் போட்டுக்கொண்டே பேசுவோம்.

சென்னை ஆட்டோவுக்கு 2013-இல் அரசு ஒரு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். யார் மீட்டர் போட்டார்கள் என்று கேட்காதீர்கள், அதைப் பேச இன்னொரு நாள் வேண்டும். எக்ஸ் அச்சில் தூரம், ஒய் அச்சில் ரூபாய். ஏறி உட்கார்ந்ததிலிருந்து 1.8 கிலோமீட்டர் வரை 25 ரூபாய்தான், அதனால் கோடு தட்டையாகப் போகும், அங்கே சாய்வு பூஜ்யம். அதைத் தாண்டினால் ஏற ஆரம்பிக்கும். 3 கிலோமீட்டரில் 39 ரூபாய் 40 காசு, 5 கிலோமீட்டரில் 63 ரூபாய் 40 காசு. ரூபாய் கூடியது 24, தூரம் கூடியது 2, வகுத்தால் 12. இதுதான் சாய்வு, 'கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய்' என்பதுதான் அதன் அலகு. எதை எதால் வகுப்பது என்று தடுமாறும் பிள்ளைக்கு இந்த அலகைச் சொல்லிக்கொடுத்தாலே போதும், தலைகீழாகப் போடாது. இன்னொன்று, கோடு விறுவிறுவென்று மேலே ஏறுகிறதே, சாய்வு அதிகம் போல என்று கண்ணை நம்பக் கூடாது. அளவுத்திட்டத்தை மாற்றினால் இதே கோடு படுத்துவிடும், 12 மட்டும் 12 ஆகவே இருக்கும்.

இப்போது வெட்டுத்துண்டு. 25 தானே என்று சட்டென்று சொல்லத் தோன்றும். இல்லை. அந்த ஏறுகிற கோட்டைப் பின்னோக்கி நீட்டி ஒய் அச்சைத் தொட வையுங்கள், 3 ரூபாய் 40 காசில் போய் முட்டும். 25 ரூபாயில் 1.8 கிலோமீட்டருக்கான 21 ரூபாய் 60 காசைக் கழித்தால் மிச்சம் அதுதான். ஆக, சமன்பாடு ஒய் சமம் 12 எக்ஸ் கூட்டல் 3.40. அந்த 3 ரூபாய் 40 காசை யாரும் தனியாகக் கொடுத்ததில்லை, குறைந்தபட்சக் கட்டணத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிற தொகை அது.

'மீட்டருக்கு மேல பத்து ரூபா போட்டுக் குடுங்க சார்' என்கிறாரே டிரைவர், அவர் சாய்வைத் தொடவில்லை, வெட்டுத்துண்டை மட்டும் 13.40 ஆக்குகிறார். பழைய கோட்டுக்கு இணையாக மேலே இன்னொரு கோடு, அவ்வளவுதான். இரவுக் கட்டணம் அப்படியில்லை. மொத்தத்தில் பாதி கூடுதல் என்பதால் சாய்வு 18, வெட்டுத்துண்டு 5.10, இரண்டுமே மாறும். தூரம் போகப்போக இரண்டு கோடுகளும் விலகிக்கொண்டே போகும்.

கோடு எக்ஸ் அச்சைத் தொடும் இடம்தான் எக்ஸ் வெட்டுத்துண்டு. அதற்கு ஆட்டோ சரிப்படாது, மைனஸ் தூரம் வந்துவிடும். மொட்டைமாடி டேங்கை எடுத்துக்கொள்ளலாம். 1000 லிட்டர் இருக்கிறது, மணிக்கு 40 லிட்டர் செலவாகிறது என்று வையுங்கள். நேரம் எக்ஸ் அச்சில், தண்ணீர் ஒய் அச்சில். கோடு இறங்குகிறது, சாய்வு மைனஸ் 40, ஒய் வெட்டுத்துண்டு 1000. ஒய்யைப் பூஜ்யமாக்கினால் எக்ஸ் 25. இருபத்தைந்து மணி நேரம் முடிந்ததும் குழாய் காற்றை விடும், எக்ஸ் வெட்டுத்துண்டு சொல்வது அதைத்தான். மோட்டார் எப்போது போட வேண்டும் என்று யோசிக்கிற வீட்டில் 1000-ஐ விட இந்த 25 முக்கியம்.

3 எக்ஸ் கூட்டல் 4 ஒய் சமம் 12 என்று வேறு வடிவில் கொடுத்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. எக்ஸைப் பூஜ்யமாக்கினால் ஒய் 3, ஒய்யைப் பூஜ்யமாக்கினால் எக்ஸ் 4, அந்த இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் கோடு ரெடி. எக்ஸ் 4 கூடும்போது ஒய் 3 குறைகிறது, அதனால் சாய்வு மைனஸ் 3-இன் கீழ் 4.

கடைசியாகச் செங்குத்துக் கோடு. அதே 2013 கட்டணத்தில் காத்திருப்புக்கு 5 நிமிடத்துக்கு 3 ரூபாய் 50 காசு என்று வைத்திருந்தார்கள். வழியில் மருந்துக்கடையில் நிறுத்தச் சொல்லி இறங்கிப் போகிறீர்கள். தூரம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை, ரூபாய் மட்டும் ஏறுகிறது. நம் படத்தில் கோடு நேராக மேலே போகும். சாய்வைக் கணக்கிடப் போனால் 3.50-ஐப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும், அது நடக்காது. அதனால்தான் செங்குத்துக் கோட்டின் சாய்வை 'வரையறுக்கப்படாதது' என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள்.