தீர்ப்பு எழுதிய திரை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு திரைக் கலைஞரைப் பற்றி மக்கள் மனத்தில் கெட்ட பெயர் பதிய முழுப் பொய் தேவையில்லை. பாதித் தகவல் முந்திக்கொண்டு வந்து, நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடினாலே போதும். 2020-இல் நடிகை ரியா சக்ரவர்த்திக்கு அதுதான் நேர்ந்தது.

அந்த ஆண்டு ஜூன் 14 அன்று ரியாவின் காதலரான நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மும்பையில் இறந்தார். ஜூலைக் கடைசியில் சுஷாந்தின் தந்தை பாட்னாவில் ரியா மீது புகார் கொடுத்தார். மகனின் வங்கிக் கணக்கிலிருந்து 15 கோடி ரூபாய் போய்விட்டது என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. புகாரில் உள்ளதை அப்போது யாரும் சரிபார்த்திருக்கவில்லை. ஆனால் டிவி விவாதங்களில் அது கணக்குப் பார்த்து முடித்த தொகையாகிவிட்டது.

அடுத்து ரியாவின் வாட்ஸ்அப் உரையாடல்கள் கசிந்தன. காபி, தேநீர், தண்ணீர் எதிலாவது 4 சொட்டு விட்டுக் கொடு என்ற ஒரு வரி திரையில் பெரிதாக வந்தது. எந்தச் சூழலில் எழுதியது, முன்னும் பின்னும் என்ன பேசினார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. ரியா நஞ்சு கொடுத்தாரா என்று கேள்விக்குறி போட்டுவிட்டால் சேனல் பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்ளும்; நம் காதில் கேள்விக்குறி விழாது, நஞ்சு என்ற சொல்தான் விழும். அக்டோபர் தொடக்கத்தில் எய்ம்ஸ் மருத்துவக் குழு நஞ்சும் இல்லை, கொலையும் இல்லை என்றது. அதற்குள் வாரக்கணக்கில் விவாதம் ஓடிவிட்டது.

இதற்கிடையே போதைப்பொருள் வழக்கும் சேர்ந்தது. செப்டம்பர் 6 அன்று போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளின் விசாரணைக்கு வந்த ரியாவை அலுவலக வாசலில் கேமராக்காரர்களும் நிருபர்களும் சூழ்ந்து நெருக்கினார்கள். கொரோனா உச்சத்தில் இருந்த நேரம் அது. கூட்டம் நெருக்க, தலையைக் குனிந்தபடி விலக்கி நடக்கும் எவரும் திரையில் குற்றவாளி போலத்தான் தெரிவார். அந்தக் காட்சியைத் தயாரித்ததே கேமராக்கள்தான் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஏன் இந்த வெறி? அப்போது நாட்டில் டிவி உள்ள வீடுகள் 20 கோடிக்கு மேல். பார்வையாளர் அளவீட்டுக் கருவி இருந்ததோ சுமார் 44,000 வீடுகளில். அதிலும் செய்திச் சேனல் பார்ப்பவை சொற்பம். கொஞ்சம் வீடுகள் சேனல் மாற்றினாலே அந்த வாரத் தரவரிசை புரண்டுவிடும், விளம்பரப் பணமும் கூடவே நகரும். அதனால் ஒரு சேனல் சத்தம் போட்டால் மற்றவையும் அதைவிடச் சத்தமாகப் போட்டன. அவசரத்தில் சுஷாந்த் எழுதாத ட்வீட்களை அவருடையவை என்று காட்டிய ஒரு சேனலுக்கு ஒளிபரப்பாளர்களின் தரநிர்ணய அமைப்பு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

“ஒப்புக்கொண்டார்” என்று ஒரு தலைப்பு வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். போலீஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நம் சாட்சியச் சட்டப்படி குற்றத்தை நிரூபிக்க உதவாது. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுப்பதும் அப்படியே என்று 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. “வட்டாரங்கள் தெரிவித்தன” என்றால், சொன்னவர் பெயர் போட்டுச் சொல்லத் தயாராக இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரியா போதைப்பொருள் வழக்கில் 2020 செப்டம்பர் 8 அன்று கைதாகி, அக்டோபர் 7 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் பெற்றார். பிரபலம் என்பதால் கடுமை காட்ட வேண்டும் என்ற அரசுத் தரப்பு வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. பிரபலத்துக்குச் சலுகையும் இல்லை, கூடுதல் சுமையும் இல்லை என்றார். 2021 ஜனவரி 18 அன்று அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, விசாரணை நடக்கும்போது சாட்சிகளைப் பேட்டி எடுப்பது, குற்றத்தை நடித்துக் காட்டுவது, குற்றவாளி யார் என்று முடிவு கட்டுவது, ஒருவரின் நடத்தையைக் கேவலப்படுத்துவது ஆகியவற்றைத் தவிர்க்கச் சொன்னது. தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்கக் கூடாது, படம் போடக் கூடாது என்ற பிரஸ் கவுன்சில் விதி 2019-லேயே உண்டு.

2025 மார்ச்சில் சிபிஐ விசாரணையை முடித்து அறிக்கை தாக்கல் செய்தது. சுஷாந்தின் மரணத்துக்கு யாரும் காரணம் என்று காட்ட ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தச் செய்தி ஓடிய நேரத்தை 2020-இன் மாதக்கணக்கான கூச்சலோடு ஒப்பிடவே முடியாது. பழைய வீடியோக்கள் அதே தலைப்போடு இணையத்தில் இருக்கின்றன, தேடினால் வருகின்றன. ஆசிரியர் குழுக்கள் அவற்றைத் திறந்து தலைப்பை மாற்றி, முடிவு என்ன ஆனது என்பதை முதல் வரியிலேயே தேதியோடு சேர்க்க வேண்டும். ஒரு வீடியோவுக்குப் பத்து நிமிட வேலை அது.