ஆளுக்கேற்ற ஆசனம்: தேசிகாச்சாரின் வழி

அவையோர்க்கு வணக்கம். யோக ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்றுவரும் உங்கள்முன் யோக ஆசிரியர் டி.கே.வி. தேசிகாச்சாரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நாளைக்கே உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்று அவரிடம் இருப்பதே காரணம்.

புகழ்பெற்ற யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் மகனாக 1938இல் பிறந்தவர் என்றாலும், அவர் யோகத்துக்குத் தாமதமாகவே வந்தார். பொறியியல் படித்து வேலைக்குப் போகும் நிலையில் இருந்தபோது நடந்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சென்னையில் அவர்கள் வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கிய வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர், ஆசாரசீலரான அவர் தந்தையைப் பலர் பார்க்கக் கட்டித் தழுவிக்கொண்டார். நெடுநாள் தூக்கமின்றித் தவித்தவர், முந்தைய இரவு மருந்தில்லாமல் உறங்கியிருந்தார்! மருத்துவத்தால் ஆகாததைத் தம் தந்தை எப்படிச் செய்தார் என்ற கேள்விதான் அந்தப் பொறியாளரை வேலைக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டுத் தந்தையிடமே மாணவராக அமர வைத்தது.

அவர் கற்றது எந்தக் கிருஷ்ணமாச்சாரியாரிடம் என்பதையும் கவனிக்க வேண்டும். 1933இல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் தொடங்கிய யோகசாலையில், துடிப்பு மிக்க சிறுவர்களுக்கு அவர் வேகமான, கடினமான ஆசனத் தொடர்களைக் கற்பித்தார்; பின்னாளில் உலகப் புகழ்பெற்ற யோக ஆசிரியர்களான பி.கே.எஸ். அய்யங்காரும் பட்டாபி ஜோயிஸும் அந்தக் காலத்து மாணவர்கள். 1950இல் அந்த யோகசாலை மூடப்பட்டது. 1952இல் சென்னைக்கு வந்தபின் அவரை நாடியவர்களில் முதுகுவலிக்காரர்களும் ஆஸ்துமாக்காரர்களும் முதியவர்களும் தனித்தனியாக வந்தார்கள். ஆசிரியரும் அதற்கேற்ப மாறினார். வளரும் வயதுக்கு ஒன்று, குடும்பப் பொறுப்புள்ள நடுவயதுக்கு ஒன்று, நோயாளிக்கு வேறொன்று என்று அவர் வகுத்துத் தந்ததை மகன் முழுமையாக வாங்கிக்கொண்டார்.

இந்த முறையில் ஆசிரியர் முதலில் பார்ப்பது மூச்சைத்தான். கையை மேலே தூக்கும் எளிய அசைவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மூச்சை உள்ளிழுக்கத் தொடங்க வேண்டும், அதன்பிறகே கை எழ வேண்டும். கை உச்சியில் நின்றபின் உள்மூச்சு முடிய வேண்டும். இறக்கும்போதும் இப்படியே வெளிமூச்சு முன்னும் பின்னும் அசைவை அணைத்து நிற்க வேண்டும். மூச்சு திணறினால், உடல் எவ்வளவு அழகாக வளைந்திருந்தாலும் அந்த ஆசனம் பயில்பவருக்கு அன்று பொருந்தவில்லை என்று பொருள். உத்தானாசனத்தில் குனிபவருக்குப் பின்தொடை இழுத்தால் முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். கால் நேராக இருப்பதைவிட முதுகெலும்பு இளகுவதே அங்கே நோக்கம். கடினமான ஆசனத்துக்கு முன் தயாரிப்பும், பின் அதன் இறுக்கத்தை ஈடுசெய்யும் மாற்று ஆசனமும் கட்டாயம். சிரசாசனம் செய்தவரை அப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்புவது இந்த மரபில் கிடையாது.

1960களின் நடுவில் தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி தேசிகாச்சாரிடம் பயின்றார். குருவே வேண்டாம் என்று உலகெங்கும் பேசியவர், எழுபதை ஒட்டிய வயதில், முப்பதைத் தொடாத ஓர் இளைஞரிடம் மாணவராக உட்கார்ந்தார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வருகின்றன.

1976இல் தந்தையின் பெயரால் சென்னையில் தேசிகாச்சார் நிறுவிய ‘யோக மந்திரம்’ என்ற பயிற்சி நிலையத்தில், ஒருவருக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாடே அடிப்படையாக இருந்தது. இன்று ஒரு கூடத்தில் நாற்பது பேரை அமரவைத்து ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொல்லும் நம்மில் எவருக்காவது பின்வரிசையில் இருப்பவரின் மூச்சு கேட்கிறதா? கூட்டு வகுப்பே தவறென்று நான் வாதிடவில்லை. வாடகையும் வருமானமும் எனக்கும் தெரியும். ஆனால், புதிதாகச் சேருபவரைத் தனியே அமர்த்தி, அவர் உறக்கம், வேலை, பழைய அறுவை சிகிச்சை, உண்ணும் மருந்து ஆகியவற்றைக் கேட்டறிந்து, கோட்டுருவங்களாக ஆசனங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் மூச்சின் அளவைப் பக்கத்தில் குறித்து ஒரு தாளைக் கொடுப்பது நம்மால் முடியும். சில வாரங்கள் கழித்து அவர் வரும்போது அதே தாளைத் திரும்ப வாங்கி, செய்ய முடியாததை அடித்துவிட்டு, செய்ய முடிந்ததற்கு மேல் ஒன்றைச் சேர்த்து எழுதித் தாருங்கள்.