எந்த மாதத்துக்கு என்ன தீனி?

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலில் என் வீட்டு மொட்டை மாடியில், தூரத்தில் கொண்டுபோய் விட்டால் வீடு தேடிப் பறந்து வரும் பந்தயப் புறாக்கள் 20 வளர்க்கிறேன். பார்க்க வருகிற இளைஞர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இதுக்கு என்ன தீனி போடுறீங்க?" நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த மாசத்துக்குத் தம்பி கேக்குற?"

வருஷம் முழுக்க ஒரே கலவையைப் போட்டு வளர்ப்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய பேர். கடையில் கலந்து வைத்திருப்பதை அப்படியே வாங்கிக் கொட்டுகிறார்கள். பறவை செத்துவிடாது, உண்மைதான். ஆனால் முட்டைக்கு உட்கார்ந்திருக்கும் புறாவுக்கும், மதுரையிலிருந்து பறந்து வரவேண்டிய புறாவுக்கும் உடம்பு கேட்பது வேறு வேறு.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பந்தயப் புறா ஒன்று ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். நாளைக்கு 30 முதல் 40 கிராம் தின்னும். என் 20 புறாக்களுக்கு 700 கிராம் போதும். அதையும் மொத்தமாகக் கொட்டக் கூடாது. கொட்டினால் பிடித்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைச் சிதறிவிடும். நாம் கலந்த கலவைக்கே அர்த்தம் இல்லாமல் போகும். கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். இரண்டு மூன்று புறாக்கள் தண்ணீர்ப் பக்கம் திரும்பியதும் நிறுத்திவிடுங்கள். தரையில் போடாமல் தொட்டியில் போடுங்கள், எச்சம் கலக்காது.

இனி கலவை. கம்பு, கோதுமை இரண்டிலும் 100 கிராமுக்கு 11 கிராம் போலப் புரதம் உண்டு. மக்காச்சோளத்தில் 9 கிராம்தான், ஆனால் மாவுச்சத்து அதிகம். சிறுபயறில் 24 கிராம், காய்ந்த பட்டாணியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கலவையை நீங்களே கணக்குப் போடலாம். 7 பங்கு தானியத்துக்கு 3 பங்கு பயறு கலந்தால் புரதம் 15 சதவீதத்தை ஒட்டி வரும். சும்மா இருக்கிற காலத்தில் அவ்வளவு வேண்டாம். பயறைப் பாதியாகக் குறைத்து, கம்பையும் பார்லியையும் கூட்டினால் பறவை கொழுக்காமல் இருக்கும்.

குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் பயறு அதிகம் தேவை. 17, 18 நாள் அடை முடிந்து குஞ்சு வெளியே வந்ததும், தாய் தகப்பன் இரண்டுமே கழுத்தடியில் இருக்கும் தங்கள் தீனிப்பையில் ஊறும் புறாப்பாலை ஊட்டும். ஆண் பறவையும் பால் ஊட்டுகிறது என்பதை எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை. அந்தப் பால் முழுக்கப் புரதமும் கொழுப்பும். முதல் சில நாள் குஞ்சுக்கு வேறு ஆகாரமே கிடையாது. அதனால் அந்த வாரங்களில் பயறு மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே இருக்கட்டும். கூடவே கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலைக் கழுவி, காயவைத்து, உடைத்து வையுங்கள். சிறு கல்லும் வேண்டும். பல் இல்லாத பறவைக்கு வயிற்றுக்குள் தானியத்தை அரைப்பது அந்தக் கல்தான். புறா சுவரின் சுண்ணாம்பைக் கொத்தினால், அதற்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லையோ என்று பாருங்கள்.

இறகு உதிரும் காலத்திலும் பயறைக் குறைக்காதீர்கள். இறகே புரதம்தானே. கொஞ்சம் எள்ளும் சூரியகாந்தி விதையும் சேர்த்தால் போதும்.

அடுத்து நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஓர் ஐப்பசி மாதம், அடைமழை. மலிவாகக் கிடைத்தது என்று ஒரு மூட்டை மக்காச்சோளம் வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். இரண்டு வாரத்தில் பறவைகள் தீனியை ஒதுக்க ஆரம்பித்தன, எச்சம் பச்சைத் தண்ணீராகப் போனது. நான்கு குஞ்சுகளைப் பறிகொடுத்தேன். வந்து பார்த்த கால்நடை மருத்துவர் மூட்டைக்குள் கையை விட்டு எடுத்து முகர்ந்தார். உள்ளே பூஞ்சாணம். கலவைக் கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது, தானியம் கெட்டிருந்தது.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஈரம் நம்மை விடாது. மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பிடிக்கிற ஒரு பூஞ்சாணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கிலிருந்து இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். பூஞ்சாணம் பிடித்ததை வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், நஞ்சு போகாது. கழுவினாலும் போகாது. தூரப் போட்டுவிடுங்கள். அதனால் மழை மாதங்களில் 15 நாளுக்கு மட்டும் வாங்குங்கள். மூடி போட்ட தகரடப்பாவில், பலகைமேல் வையுங்கள். வாங்கும்போது ஒரு மக்காச்சோள மணியைப் பல்லில் வைத்துக் கடியுங்கள். டக்கென்று உடையவேண்டும். மெத்தென்று நசுங்கினால் எந்த விலைக்கும் வேண்டாம்.

சரி, பந்தயத்துக்கு வருவோம். நமக்குத் தெற்கே கடல். ஆகவே நம் புறாக்களை வடக்கே திருநெல்வேலி, கோவில்பட்டி, மதுரை என்று கொண்டுபோய்த்தான் விடவேண்டும். மதுரையிலிருந்து வானவழியில் சுமார் 200 கிலோமீட்டர். காற்று ஒத்துழைத்தால் மூன்று மணி நேரம். இத்தனை நேரம் சிறகடிக்கப் பறவை எரிப்பது பெரும்பாலும் கொழுப்பைத்தான். அதனால் பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னாலிருந்து பயறைக் குறைத்து, மக்காச்சோளத்தைக் கூட்டி, ஒரு பறவைக்கு ஐந்தாறு பச்சை நிலக்கடலை கொடுக்கிறேன். பச்சை என்றால் வறுக்காதது, உப்புப் போடாதது. விடுகிற அன்று காலையில் தீனி இல்லை, தண்ணீர் மட்டும்.

வந்து இறங்கியதும் மக்காச்சோளத்தை அள்ளிப் போடாதீர்கள். முதலில் தண்ணீர், அதில் துளி கருப்பட்டி கரைத்திருக்கலாம். அரை மணி நேரம் கழித்துக் கம்பும் பார்லியும் கொஞ்சமாக. கனமான தீனி மறுநாள்தான். அன்று காலை கூட்டைத் திறந்ததும் எச்சத்தைப் பாருங்கள். கெட்டியாக, உருண்டையாக, மேலே வெள்ளை தொப்பி வைத்ததுபோல் இருந்தால் அன்றைக்கே பயறைத் திரும்பச் சேர்க்கலாம். தண்ணீராக இருந்தால் இன்னும் ஒரு நாள் பார்லியே போதும்.

வணக்கம்.