எந்தச் சம்பவத்தைக் கேட்கிறீர்கள்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பாலியல் தொழில் அதில் ஈடுபடும் பெண்களின் மனத்தில் ஆறாத காயத்தை உண்டாக்குகிறதா என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். இந்தச் சென்னையில் மனநல ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில், ஆய்வுகளுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது வயதை நெருங்கியவர். கதவுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை. என் கையில் 17 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருந்தது. நடந்த சம்பவம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்து தொந்தரவு செய்கிறதா என்று முதல் கேள்வியைக் கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எந்தச் சம்பவத்தைக் கேக்குறீங்க மேடம்? வீட்டுக்காரர் அடிச்சுத் தொரத்தினதையா, லாட்ஜ்ல நாலு பேரா வந்து ரூமைப் பூட்டினதையா, ஸ்டேஷன்ல ராத்திரி முழுக்க உக்கார வச்சதையா? இல்ல, யாரோ சொல்லிக் கேட்டுட்டு எம் பையன் ரெண்டு மாசம் எங்கூடப் பேசாம இருந்தானே, அதையா?” அன்றைக்கு இரண்டாவது கேள்விக்கு நான் போகவே இல்லை.

உலக அளவில் நடக்கும் விவாதம் முழுவதும் அந்தப் பெண்மணியின் எதிர்க்கேள்விக்குள் இருக்கிறது என்பது என் கருத்து. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடி, அதாவது பிடிஎஸ்டி என்ற நோய்ப்பெயர், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துயரத்தை ஒட்டி 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றது. அமெரிக்க உளவியலாளர் மெலிசா ஃபார்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும், இந்த நோயை அளக்க, என் கையில் இருந்ததைப் போன்ற படிவத்தைப் பாலியல் தொழிலில் இருப்பவர்களிடம் பயன்படுத்தினார்கள். 2003இல் வெளியான அவர்களது ஆய்வில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 854 பேரிடம் பேசியிருந்தார்கள். அவர்களில் 68 சதவீதத்தினருக்கு பிடிஎஸ்டி இருந்தது என்றும், 71 சதவீதத்தினர் தொழிலில் உடல்ரீதியாகத் தாக்கப்பட்டிருந்தார்கள் என்றும், 63 சதவீதத்தினர் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள் என்றும், 89 சதவீதத்தினர் தொழிலைவிட்டு வெளியேற விரும்பினார்கள் என்றும் அந்த ஆய்வு சொன்னது. இந்தத் தொழிலே வன்முறைதான் என்பது அவர்களின் முடிவு.

இந்த எண்களைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தச் சதவீதங்களுக்குள் இருப்பவர்களைப் போன்ற பெண்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த முடிவை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதே ஆய்வில் 75 சதவீதத்தினர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் வீடற்றவர்களாக இருந்திருக்கிறார்கள். சிறுவயதிலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களும் பெரும்பான்மையாக இருந்தார்கள். காயம் இருக்கிறது என்று படிவம் காட்டும். அது எந்தக் கையால் விழுந்த காயம் என்று காட்டாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பாலியல் தொழில் சட்டங்களை எதிர்த்து நடந்த வழக்கில், 2010இல் தீர்ப்பளித்த நீதிபதி சூசன் ஹிமெல், ஃபார்லியின் சாட்சியத்தில் சிக்கல்கள் இருப்பதாகக் கண்டு, அதற்குக் குறைந்த மதிப்பே அளித்தார்.

அப்படியானால், இந்தத் தொழிலைக் குற்றமாகக் கருதக் கூடாது என்னும் மறுதரப்பினர், சட்டம் தளர்ந்தால் மனம் ஆறிவிடும் என்று சொல்வதை அப்படியே ஏற்கலாமா? அதற்கும் நான் தயாராக இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1995இலேயே பாலியல் தொழிலைப் பெருமளவு குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அதன் தலைநகரான சிட்னியில், தெருவில் தொழில் செய்யும் 72 பெண்களை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்வில் ஒருமுறையேனும் பிடிஎஸ்டி இருந்திருக்கிறது. சட்டம் மாறியும் அவர்களுக்கு இந்த நிலை என்றால், அதற்குப் பல காலம் முன்பே, பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே, விழுந்த அடிகளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பலவகை இடங்களில் தொழில் செய்யும் 193 பெண்களிடம் நடந்த ஆய்வோ, மனநோயின் சுமை எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை, வன்முறையையும் வேலைச்சூழலையும் பொறுத்து அது கூடுகிறது, குறைகிறது என்று கண்டது.

கேட்கும் விதத்தைப் பொறுத்து விடையும் மாறிவிடுகிறது. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், கடந்த ஓராண்டில் யாராவது உங்களை அடித்தார்களா, வல்லுறவு செய்தார்களா என்று நேருக்கு நேர் கேட்டபோது பாலியல் தொழில் செய்யும் பெண்களில் 11 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். தேர்தலில் வாக்குப் போடுவதைப் போலப் பெயர் தெரியாமல் பெட்டியில் சீட்டுப் போடச் சொன்னபோது 26 சதவீதத்திற்கும் மேற்பட்டோர் ஆம் என்று போட்டார்கள். 2010இல் வெளியான ஆய்வு இது. இடைப்பட்ட அந்தப் பெண்கள் யாருக்குப் பயந்து நேரில் மறைத்தார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். சென்னையில் கொல்கத்தாவின் சோனாகாச்சியைப் போல, பாலியல் தொழிலுக்கென்றே அறியப்பட்ட ஒரு தனிப் பகுதி கிடையாது. ஃபோனிலும் லாட்ஜிலும் வாடகை வீட்டிலும் தொழில் நடக்கிறது. பெண்கள் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டு, வீட்டு வேலைக்குப் போகிறேன், கேட்டரிங் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். வாடிக்கையாளரைவிட, தெரிந்த முகம் ஒன்று எதிரில் வந்துவிடுமோ என்ற அச்சமே அவர்களின் தூக்கத்தை அதிகம் கெடுக்கிறது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

இந்த ஊருக்கே உரிய ஒரு வரலாற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1986இல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வு செய்த டாக்டர் நிர்மலா, பாலியல் தொழில் தொடர்பாகப் பிடிபட்டு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் நடந்த பரிசோதனையில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. எண்ணற்ற உயிர்களைக் காத்த கண்டுபிடிப்பு அது. அந்த இருவரின் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் அதன் பிறகு, தொற்று இருந்த காரணத்துக்காகவே பெண்கள் காலம் கடந்தும் அடைத்து வைக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போன பிறகுதான் அவர்களுக்குக் கதவு திறந்தது. உடம்பிலிருந்து எடுத்த தகவல் அந்த உடம்பையே பூட்டி வைக்கக் காரணமானது. மனத்திலிருந்து எடுக்கும் தகவலுக்கும் அதே கதி நேர்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

அந்தக் கவலைக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, மீட்கப்பட்ட பெண்ணை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ரெய்டில் பிடிபட்டு வந்தவர், தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று சொன்னால், இன்னும் பாதுகாப்பு தேவை என்று அது அறிக்கையில் ஏறிவிடும் என அஞ்சுகிறார். அதனால் “நல்லாத்தான் இருக்கேன்” என்கிறார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், வயது வந்து தன் விருப்பத்தோடு தொழில் செய்பவரை ரெய்டில் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்றும், விருப்பத்துக்கு மாறாக இல்லங்களில் வைக்கப்பட்டிருக்கும் பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வழிசெய்ய வேண்டும் என்றும் கூறியது. காவல்துறையின் அடக்குமுறைக்கு ஆளான பாலியல் தொழிலாளர்கள் மற்றவர்களின் வன்முறைக்கும் ஆளாகும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைப் படித்த பிறகும் ரெய்டை மீட்பு என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடத்திக் கொண்டுவரப்பட்ட சிறுமியை மீட்பது வேறு. அதில் ஒரு நாள் தாமதமும் கூடாது.

ஆகவே இந்த அவையில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர்களிடமும் சமூகநலத் துறையினரிடமும் என் கோரிக்கை ஒன்றுதான். ஆலோசகரிடம் ஒரு பெண் சொல்வது அவருடைய வழக்குக் கட்டில் சேரக் கூடாது. சிகிச்சை தருபவர் ஒருவராகவும் அறிக்கை எழுதுபவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும். காயம்பட்டவள் என்று காட்டினால்தான் இரக்கம், காயமே இல்லை என்று காட்டினால்தான் உரிமை என்ற நிலையில் எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்ல மாட்டாள்.

அந்தப் பெண்மணி அன்றைக்குக் கிளம்பும்போது, “இதெல்லாம் எழுதி யாருக்காவது அனுப்புவீங்களா மேடம்?” என்று கேட்டார். முதல் கேள்விக்குக்கூட விடை எழுதப்படாத அந்தப் படிவத்தை அவரிடமே நீட்டினேன். வாங்கி, நான்காக மடித்து, பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் வந்தார்.