அவருடைய கண்ணும் என்னுடைய காதும்

வணக்கம், எல்லாரும் நலமா? இன்றைக்கு சன்னலோரம் உட்கார்ந்து பேசுகிறேன். செல்போனை நாலு புத்தகங்களை அடுக்கி அதன்மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். நடுவில் சரிந்தால் நிமிர்த்திவிட்டுத் தொடர்கிறேன். முகத்தில் நிழல் விழுகிறது என்று தெரியும். இருந்தாலும் இந்த வேளையில் நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன் மனைவி இரண்டு பேர் நாள் முழுக்க ஒரே வீட்டில் என்னதான் செய்வீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். நேற்று மதியம் செய்ததைச் சொல்கிறேன். ஒரு சட்டைப் பொத்தான் தைத்தோம். ஆமாம், இரண்டு பேரும் சேர்ந்துதான். அரை மணி நேரம் ஆனது.

எனக்கு வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியதும் கண்ணின் லென்ஸ் இறுகிப்போய், கிட்டே இருப்பதைக் குவித்துக் காட்ட முடியாமல் போகிறது. அதற்குத் தப்பியவர் யாரும் இல்லை. அவருக்கும் அதே வயதுதான், ஆனால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. அப்படிப்பட்டவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் மூக்குக்கு முன்னால் இருப்பது துல்லியமாகத் தெரியும். அதனால் ஊசியின் காதைக் கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு. கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்வார். நூல் நுனியைச் சாய்வாக வெட்டி, ஒரே தடவையில் உள்ளே விடுவார். அதன்பிறகு ஊசி என் கைக்கு வரும். அவர் கை லேசாக நடுங்கும், என் கை நடுங்காது. நாலு துளையிலும் நூலை ஏற்றி இறக்கி, அடியில் மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, பொத்தானை ஒருமுறை இழுத்துப் பார்த்து, "கெட்டியா இருக்கும்மா" என்றார். அந்த அரை மணி நேரம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வேலைக்குப் போன காலத்தில் இந்தச் சட்டை என்ன ஆகியிருக்கும்? பொத்தான் இல்லாமலே அலமாரியின் அடியில் கிடந்திருக்கும்.

முதல் ஆறு மாதம் இப்படி இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் எந்த அறையில் இருந்தாலும் நான் இடைஞ்சலாக உணர்ந்தேன், நான் எங்கே இருந்தாலும் அவர் அப்படித்தான் உணர்ந்திருக்கிறார். அத்தனை வருடம் காலையும் இரவும் மட்டும் பார்த்துக்கொண்ட இரண்டு பேருக்கு நடுப்பகல் என்பது புதுசு. இப்போது மதியத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவரவர் பாட்டுக்கு இருக்கிறோம். அவர் பழைய கடிகாரங்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார், நான் இதோ உங்களோடு பேசுவேன். அந்த ஒரு மணி நேரப் பிரிவு வந்த பிறகுதான் சேர்ந்திருக்கிற நேரம் இனிக்க ஆரம்பித்தது.

ஆனால் எங்களுக்குள் நடந்த பெரிய சண்டைகளுக்குக் காரணம் வேறு. அவருடைய காது.

நான் ஏதாவது கேட்பேன், அவர் வேறு ஏதாவது பதில் சொல்வார். அலட்சியம் என்று நினைத்து மனசு கசந்துபோன நாட்கள் உண்டு. பரிசோதனை செய்தபோதுதான் விவரம் புரிந்தது. உள்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. வயதாகும்போது உயர்ந்த சுருதியை வாங்குகிற செல்கள் முதலில் கெடுகின்றன, கெட்டவை திரும்ப முளைப்பதில்லை. பேச்சில் அ, ஆ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வருபவை. ச, ஸ, ஃப போன்றவை மெல்லியதாக, உயர்ந்த சுருதியில் வருபவை. அதனால் பேசுவது கேட்கும், சொல் புரியாது. நான் சாவி என்று சொல்வது அவருக்கு ஆவி என்று விழுகிறது. கத்திச் சொன்னாலும் பயனில்லை, ஏனென்றால் கத்தும்போது உயிரொலிதான் பெருக்கிறது, விட்டுப்போன மெய்யொலி அப்படியே விட்டுப்போய்விடுகிறது.

இதைத் தெரிந்துகொண்ட அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதேன். எத்தனை நாள் அந்த மனிதரைத் திட்டியிருக்கிறேன்!

அன்றிலிருந்து வேறு அறையிலிருந்து அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். எழுந்து போய், தோளைத் தொட்டு, முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே நின்று பேசுகிறேன். இப்போது காதுக்கருவி போட்டுக்கொள்கிறார். மூளை அதற்குப் பழகச் சில வாரங்கள் பிடித்தன. கருவி வந்தும் அந்தத் தோள் தொடும் பழக்கத்தை நான் விடவில்லை. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவையாவது அவரைத் தொட்டுப் பேசுகிறேன். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு இல்லை.

சரி, நடைப்பயிற்சி பற்றியும் கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் அதே அளவுதான், கூடவே வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சி. மிதம் என்றால் எவ்வளவு? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. எங்களுக்கு இது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. வேகம் குறைந்துவிட்டதா என்று பார்க்க அவர் பாடிப் பார்ப்பார். இரண்டு வரி தாண்டிவிட்டால் நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எட்டி நடப்பேன். திரும்பி வந்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறோம். எண்ணுவது நான்.

அவருக்கு முழங்கால் வலி அதிகமான நாட்களில் நடை கிடையாது. பழைய புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ல் தொடங்கி இன்றும் நடந்துகொண்டிருக்கிற ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். எண்பதுகளில் இருந்த தம்பதிகளில், மணவாழ்க்கையில் நிறைவாக இருந்தவர்களுக்கு உடல்வலி கூடிய நாளிலும் மனசு அவ்வளவாகச் சோர்ந்துபோகவில்லையாம். நான் படித்துக் காட்டினேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார்.

அப்புறம் தூக்கம். வயதாக ஆக உடம்பின் கடிகாரம் முன்னால் நகர்ந்துவிடுகிறது. தூக்கமும் ஆழம் குறைந்து சீக்கிரம் கலைகிறது. எங்கள் இரண்டு பேருக்குமே விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். முன்பெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூக்கத்தை வரவழைக்கப் போராடுவோம். ஒருத்தரை ஒருத்தர் எழுப்பிவிடக்கூடாது என்று அசையாமல் கிடப்போம், இரண்டு பேரும் விழித்துக்கொண்டு! ஒருநாள் இருட்டில் அவர் மெதுவாக, "தூங்கலையா?" என்றார். அன்றைக்குப் பேச ஆரம்பித்தோம். இப்போது அதுதான் எங்கள் நாளின் முதல் வேளை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இரவில் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார், இருட்டில் என் உதடும் தெரியாது. இருப்பதில் நன்றாகக் கேட்கிற காது அவருக்கு இடது காது. நானோ எப்போதும் அவருக்கு வலப்பக்கம் படுப்பவள். முப்பத்தெட்டு வருடப் பழக்கம். ஒரு இரவு அவரே தலையணையைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுவிட்டு, "நீ அங்க வா" என்றார். ஒரு வாரம் இரண்டு பேருக்குமே வேற்றிடத்தில் படுத்த மாதிரி இருந்தது. இப்போது அந்தக் காதோரம் நான் முணுமுணுப்பதுகூட அவருக்குக் கேட்கிறது.

இந்தச் சன்னலுக்கு வருகிறேன். எதிரே இருக்கிற மரத்தில் ஒரு சின்னப் பறவை வருகிறது, கட்டைவிரல் அளவுதான் இருக்கும். குரல் கீச்சென்று அவ்வளவு உயரத்தில் இருப்பதால் கருவி போட்டும் அவர் காதுக்கு எட்டுவதில்லை. எனக்குக் கேட்கும், ஆனால் ஒரு கண்ணில் புரை தொடங்கியிருப்பதால் இலைக்குள் இருப்பது தெரியாது. நான் குரல் வரும் பக்கம் கையைக் காட்டுவேன். அவர் தூரத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுவார். கண்டதும் மரத்தைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு, "இரண்டு மணிப் பக்கம், கிளை பிரியற இடத்துல, வாலை ஆட்டுது பார்" என்பார். அப்போதுதான் எனக்கும் அந்த அசைவு பிடிபடும். பறவை பாடும்போது அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இருங்கள்... கேட்டதா உங்களுக்கு? வந்துவிட்டது. அவர் உள்ளே கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தெரியாது. நான் போய்த் தோளைத் தட்டி அழைத்துக்கொண்டு வருகிறேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.